நாற்பத்தொரு கோட் போட்டும் மங்கிய கறுப்புக் கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் சின்னதாக ஒரு கட் அண்ட் பாலிஷ் ஷெட் வைத்திருக்கிறேன். மங்கிய கார்ப் பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலை. தகரக் கூரை, இரண்டு மெஷின், உதவிக்கு ஒரு பையன். 2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு வந்த ஒரு காரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வேலை நல்லபடியாக முடிந்தது என்றாலும் நடுவில் என் பக்கமே ஒரு பிழை நடந்தது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கார் ஒரு கறுப்பு ஜப்பான் செடான். சொந்தக்காரர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும், 2021இல் வாங்கியிருக்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள், அதனால் அப்போது பழைய காருக்கும் யானை விலை. இனி இன்னொரு கார் வாங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

மகளுக்குக் கல்யாணம், ஆறு நாள்தான் இருந்தது. அவர் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, இருக்கிறதுக்கு மேல நல்ல வாக்ஸா ரெண்டு கோட் போட்டு விடுங்க. பொண்ணு ஏறுற வண்டி, முகம் தெரியணும்."

வந்த அன்று பார்த்தது

ஷெட்டுக்குள் நிற்கும்போது கார் பளபளப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் எண்ணெய் தேய்த்த தோசைக்கல் மாதிரி ஒரு பளபளப்பு. பதினொரு மணி வெயிலில் வெளியே எடுத்து நிறுத்தியதும் கதை மாறியது. பொனட் முழுக்கச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல். அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய திரை. விரலை வைத்து இழுத்தால் கோடு விழுந்தது. அதே விரலால் திரும்பத் தேய்த்தால் கோடு மறைந்தது. நன்றாக இறுகிய வாக்ஸ் இப்படிக் கலங்காது. கதவு ரப்பர் ஓரங்களிலும் பின்பக்க எழுத்துகளின் இடுக்கிலும் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த மிச்சம்.

தண்ணீர் விட்டுப் பார்த்தோம். டிக்கி மேல் முத்து முத்தாக நின்றது. பொனட்டில் ஒரு பக்கம் முத்து, இன்னொரு பக்கம் ஈரத்துணி போட்ட மாதிரி படர்ந்து நின்றது. ஒரே காரில் இரண்டு விதம். கழுவிய பிறகு கையில் மெல்லிய பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு கதவின் கீழ்ப்பகுதியைத் தடவினால் மணற்தாள் போல் சொரசொரப்பு. இது நம் பக்கத்து வண்டிகளுக்கு வழக்கம்தான். கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கும்போது பறக்கிற இரும்புத் தூள் சூட்டோடு பெயிண்டில் குத்தி உட்கார்ந்துவிடும். இரும்பைக் கரைக்கிற மருந்தை அடித்ததும் சக்கரத்துக்குப் பின்னால் ஊதா ஊதாவாக வழிந்தது.

பெயிண்ட் தடிமன் மீட்டர் வைத்த பிறகுதான் முக்கியமான விஷயம் தெரிந்தது. டிக்கியும் கதவுகளும் 105 முதல் 118 மைக்ரோன். பொனட் 98 முதல் 104. கூரை 78 முதல் 84. வலது முன் மட்கார்ட் மட்டும் 230க்கு மேல்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோன். கம்பனிப் பெயிண்ட் என்றால் எல்லா அடுக்கும் சேர்ந்து 100ஐ ஒட்டி, கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதில் நிறத்துக்கு மேலே உள்ள நிறமில்லாத அடுக்கு, அதாவது கிளியர் கோட், 35 முதல் 50 வரைதான். நாம் பாலிஷ் பண்ணுவது அந்தக் கிளியரை. கூரையில் 80 என்றால், இவர் வாங்குவதற்கு முன்பே யாரோ நன்றாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. அதனால் கூரை விஷயத்தில் மோசமான நிலையையே எடுத்துக்கொண்டேன்.

மட்கார்டைப் பற்றிக் கேட்டபோது, ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு வளைவில் பஸ் உரசியதாகவும் புதுசாகப் பெயிண்ட் அடித்ததாகவும் சொன்னார்கள்.

நோட்டுப் புத்தகம்

இந்த வண்டிக்கு என்னென்ன போட்டீர்கள் என்று சும்மா கேட்டேன். ஐயா டேஷ்போர்டைத் திறந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்தார். செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதிய கை இல்லையா, கோடு போட்டு வைத்திருக்கிறார்: திகதி, போட்ட சாமான், நேரம், காலநிலை. 2021இலிருந்து மொத்தம் 41 பதிவு. முப்பதாவது பதிவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் "30 கோட்" என்று எழுதி அடிக்கோடு. நான் பார்த்த எந்த வண்டிக்கும் இப்படி ஒரு சரித்திரம் இருந்ததில்லை.

படித்துப் பார்த்தால் பிரச்சினை அங்கேயே இருந்தது. ஒரு ஞாயிறு பாலிஷ், அடுத்த ஞாயிறு வாக்ஸ், அதற்கடுத்த தடவை பாலிஷும் வாக்ஸும் கலந்த போத்தல், திரும்ப டின் வாக்ஸ். சுவருக்கு வெள்ளை அடிப்பது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும், கோட் கூடக்கூடப் பளபளப்பும் கூடும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

பாலிஷ் என்பது பூசுகிற சாமான் கிடையாது. அதில் உள்ள நுண்ணிய தூள் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. கீறலின் விளிம்பு தேய்ந்தால் வெளிச்சம் சிதறாமல் திரும்பும், முகம் தெரியும். வாக்ஸ் அந்தச் சமப்பட்ட பரப்பின் மேல் ஒட்டுகிற பாதுகாப்பு. வாக்ஸுக்கு மேல் பாலிஷ் போட்டால் முதலில் தேய்ந்து போவது வாக்ஸ்தான். அதாவது அவர் ஒரு ஞாயிறு பூசியதை அடுத்த ஞாயிறு பாதி துடைத்திருக்கிறார். கலவைப் போத்தலிலும் தேய்க்கிற சாமான் இருக்கிறது, அதுவும் அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

சரி, வாக்ஸ் மேல் வாக்ஸ் மட்டும் போட்டிருந்தால்? அப்போதும் நாற்பது கோட் ஏறாது. டின்னில் இருக்கிற வாக்ஸைக் குழைவாக வைத்திருப்பது அதிலுள்ள கரைப்பான். புதுக் கோட் போடும்போது அந்தக் கரைப்பான் கீழே இருக்கிற பழைய கோட்டையும் இளக்கிவிடும். கடைசியில் துடைத்தெடுத்த பிறகு மிஞ்சுவது ஒரு மைக்ரோனுக்கும் குறைந்த படலம். இரண்டாவது கோட்டினால் பயன் உண்டு: முதல் தடவை கை படாமல் விட்ட இடத்தை மூடும். மூன்றாவதற்கு மேல் நாம் பூசுவது நம் மனத்திருப்திக்கு.

பின்னர் காலநிலை நிரல். 41இல் 19 பதிவுக்கு நேரே "மழை" அல்லது "மூட்டம்". வேலை நடந்தது லயத்துப் பக்கமுள்ள திறந்த கராஜில். ஈரக் காற்றில் பூசிய வாக்ஸ் சரியாகக் காயாமல் கொழகொழவென்று நின்றிருக்கிறது. அதில் ரோட்டுத் தூசி ஒட்டியிருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தத் தூசியோடு சேர்த்துப் பழைய பனியன் துணியால் இரண்டு மணி நேரம் தேய்த்திருக்கிறார். பொனட்டின் சிலந்தி வலைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முடிவும் அதற்கான காரணமும்

மூன்று வழி இருந்தது. கேட்டபடி மேலே இரண்டு கோட் போடுவது முதல் வழி. கலங்கிய பரப்பில் இன்னும் கலங்கும் என்பதால் உடனே விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கீறலை எண்ணெய்ப் பசையால் நிரப்பி மறைக்கிற கிளேஸ் போட்டு மேலே வாக்ஸ் அடைப்பது. உண்மையைச் சொன்னால் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தேன். கல்யாண நாளைக்கு அழகாக இருக்கும், போட்டோவில் கண்ணாடி மாதிரி விழும், ஒரே நாள் வேலை. ஆனால் நாலைந்து தடவை கழுவினால் பசை போய்க் கீறல் எல்லாம் திரும்பி வரும். அவர் அதைப் பார்த்துவிட்டு 42ஆவது பதிவை ஆரம்பிப்பார்.

மூன்றாவது, இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, தேவையான அளவு மட்டும் பாலிஷ் பண்ணி, சீலன்ட் (வாக்ஸ் மாதிரியே பெயிண்டைக் காக்கிற செயற்கைப் பூச்சு) ஒன்று, அது இறுகிய பிறகு வாக்ஸ் ஒன்று. இதைத்தான் எடுத்தோம், இரண்டு கட்டுப்பாட்டோடு. கூரையில் கம்பவுண்ட், அதாவது பாலிஷைவிடக் கரடாகத் தேய்க்கிற சாமான், படக்கூடாது. மிக மெல்லிய பாலிஷ் ஒரு தடவை மட்டும். புதுப் பெயிண்ட் அடித்த மட்கார்டுக்கு சீலன்ட்டும் இல்லை, வாக்ஸும் இல்லை. அடுப்பில் வைத்துக் காயாத பெயிண்ட் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளேயிருந்து பல வாரத்துக்குக் கரைப்பான் வெளியேறிக்கொண்டிருக்கும். நம் குளிருக்கு இன்னும் மெதுவாக. அதை வாக்ஸால் மூடினால் உள்ளுக்குள் அடைபட்டு மங்கும்.

ஐயாவுக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று வருட உழைப்பைத் துடைத்தெறி என்றால் யாருக்குத்தான் ஒப்பும்? வாதாடாமல் டிக்கி மூடியின் நடுவில் டேப் ஒட்டினேன். இடது பாதியை அப்படியே விட்டு, வலது பாதியை மட்டும் சுத்தம் பண்ணி, தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹோல் கலந்த தண்ணீரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன். பசையைத் துடைக்காமல் காட்டினால் அது ஏமாற்று. மேலே ஒரு சொட்டு வாக்ஸும் போடவில்லை. டேப்பை உரித்ததும் வலது பாதியில் கூரைத் தகரத்தின் நெளிவும் மேலே தொங்கிய பல்பின் இழையும் தெரிந்தன. இடது பாதியில் பல்பு, பனிக்குள் நிற்கிற தெருவிளக்கு மாதிரி இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல வாக்ஸே இல்லையா தம்பி?" என்றார். "இல்லீங்க ஐயா." "அப்போ இத்தன நாளா நான் எதத் தேச்சேன்?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாள்

முதல் நாள் கழுவல், இரும்பு மருந்து, க்ளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கிற களிமண் கட்டி), ஆல்கஹோல் துடைப்பு. துடைத்த துணி ஒவ்வொன்றும் பழுப்பேறிய சாம்பல் நிறத்தில் வந்தது.

இரண்டாம் நாள் மெஷின். விளிம்புகளுக்கும் மடிப்புகளுக்கும் டேப். அங்கேதான் பெயிண்ட் மெலிந்திருக்கும், ஒரு நொடி கவனம் பிசகினால் கிளியர் எரிந்து போகும். கதவுகளுக்கும் பொனட்டுக்கும் சுற்று மெஷினில் ஸ்பொஞ்ச் பேட் மாட்டி, 1,200 முதல் 1,500 சுற்றுக்குள் நடுத்தரக் கம்பவுண்ட். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தோம். அப்புறம் ஆடி ஆடிச் சுற்றுகிற மெஷினில் மெல்லிய பாலிஷ். சுற்று மெஷின் விட்டுப்போகிற வரிவரியான நிழலை இதுதான் எடுக்கும். சாதாரண வெளிச்சத்தில் அந்த நிழல் தெரியாது, கறுப்புக் காரில் வெயில் விழுந்தால் ஊருக்கே தெரியும். கூரைக்கு இந்த மெல்லிய பாலிஷ் ஒரே தடவை. முடிந்து அளந்தால் பொனட்டில் மூன்று மைக்ரோன் குறைந்திருந்தது. கூரையில் வித்தியாசம் மீட்டருக்கே தெரியவில்லை.

மட்கார்டைக் கையால் லேசாகத் தேய்க்கும்போது பையன் பயந்துவிட்டான். "அண்ணே, பெயிண்ட் வருது!" துணியில் கறுப்பு. மற்ற இடங்களில் துணி வெள்ளையாகத்தான் இருந்தது. காரணம் எளிது: மட்கார்டுக்குக் கிளியர் இல்லாமல் நிறத்தை மட்டும் அடித்திருக்கிறார்கள். அங்கே தேய்வது நிறமே. அதோடு கையை எடுத்துவிட்டோம்.

மாலை ஐந்தரைக்குச் சீலன்ட் பூசி முடித்தோம். போத்தலில் 12 மணி நேரம் இறுக விடு என்று எழுதியிருந்தது.

என் பிழை

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஐயாவின் மகன் வந்துவிட்டார். கல்யாண வேலை தலைக்கு மேல். "அண்ணே, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சே, வாக்ஸ் போட்டுருவோமா?" கணக்குப்படி பதின்மூன்றரை மணி நேரம். நானும் வெளிச்சம் வரட்டும் என்று ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டேன். வெளியே பனிமூட்டம். கையால் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. குளிர் என்று நினைத்தேன், ஈரம் என்று நினைக்கவில்லை. மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் பொனட்டில் வாக்ஸ் போட்டோம்.

இருபது நிமிடம் கழித்தும் வாக்ஸ் காயவில்லை. துடைத்தால் இழுபட்டது. பொனட்டின் நடுவில், அப்பக்கல் அளவில், வானவில் நிறத்தோடு ஒரு சாம்பல் மேகம். எந்தக் கலங்கலை எடுக்க இரண்டு நாள் பாடுபட்டோமோ, அதையே நான் இருபது நிமிடத்தில் செய்துவிட்டேன்.

இரண்டு தப்பு சேர்ந்திருந்தது. போத்தலில் எழுதியிருக்கும் 12 மணி நேரம் இருபது, இருபத்தைந்து பாகை வெப்பத்தை மனதில் வைத்து எழுதியது. நாலாயிரம் அடிக்கு மேல், தை மாத இரவு, தகர ஷெட். பத்துப் பன்னிரண்டு பாகையில் சீலன்ட் பாதிகூட இறுகியிருக்காது. அதன்மேல் கரைப்பான் உள்ள வாக்ஸைப் போட்டதும் இரண்டும் கலந்துவிட்டன.

இரண்டாவது தப்பு ஷட்டர். இரவு முழுக்கக் குளிர்ந்த தகட்டின் மேல் ஈரம் நிறைந்த காற்றைத் திறந்துவிட்டால், குளிர்ந்த சோடாப் போத்தலில் வியர்ப்பது போல் தகடு வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஈரம். துடைத்தாலும் அடுத்த நிமிடம் திரும்ப வரும். காலையில் ஷட்டரைத் திறப்பது நல்லது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

ஐயாவுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். பொனட்டை ஆல்கஹோலால் துடைத்து, மெல்லிய பாலிஷ் இன்னொரு தடவை ஓட்டி, திரும்பச் சீலன்ட் பூசினோம். அந்தக் கூடுதல் தடவைக்கும் கொஞ்சம் கிளியர் செலவாகியிருக்கும், அதை மறைப்பதற்கில்லை. இந்தத் தடவை ஷட்டரை இறக்கி, மேலே இருந்த இடைவெளியைப் படங்கால் அடைத்தோம். இரண்டு பெரிய லைட்டைப் பொனட்டுக்குத் தள்ளி நிறுத்தி இரவு பத்து மணி வரை எரியவிட்டோம். மறுநாள் வெயில் ஏறி, தகடு கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்வரை கை வைக்கவில்லை. பதினொன்றரை ஆகிவிட்டது. பட்டாணி அளவு வாக்ஸ், ஒரு கதவுக்கு அவ்வளவுதான். விரலால் சின்னதாக இழுத்து, கலங்காமல் சுத்தமாகக் கோடு விழுந்த பிறகே துடைத்தோம். ஐந்தாம் நாள், விட்ட இடம் இருந்தால் மூடட்டும் என்று இரண்டாவது கோட் மெல்லிசாக. அத்தோடு நிறுத்தினோம்.

பின்னர் நடந்தது

கல்யாணத்தன்று வெயில். நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் எடுத்த போட்டோவில் கதவில் மணப்பெண்ணின் சேலைக் கரை நூல் நூலாகத் தெரிந்தது என்று மகன் அனுப்பினார். மட்கார்ட் கொஞ்சம் தனியாகத் தெரிந்தது என்பதையும் அவரே சொன்னார். தெரியத்தான் செய்யும்.

பத்து வாரம் கழித்து வண்டியைத் திரும்பப் பார்த்தேன். டிக்கியிலும் கதவுகளிலும் தண்ணீர் இன்னும் முத்தாக நின்றது. பொனட்டில் முத்துகள் பெருத்து, தட்டையாகிவிட்டன. எஞ்சின் சூட்டுக்கு வாக்ஸ் உருகியிருக்கும் என்றார் மகன். வாக்ஸில் சேர்கிற கார்னோபா மெழுகு 80 பாகைக்கு மேல்தான் உருகும். டின்னில் இருப்பது தனிக் கார்னோபா இல்லை என்பதும் உண்மை. ஆனால் விசாரித்தால் வேறு காரணம் வந்தது. நடுவில் இரண்டு மாதம் வண்டி கழுவியது ஒரு உறவுக்காரப் பையன், துணி துவைக்கிற சோப்புத் தூளால். எந்த வாக்ஸும் அதற்குத் தாங்காது.

கூரையில் ஒரு பறவை எச்ச வட்டம் பதிந்திருந்தது. மரத்தடியில் நிறுத்தி இரண்டு நாள் விட்டிருக்கிறார்கள். தேய்த்தால் போகும், ஆனால் அந்தக் கூரையில் தேய்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே விட்டோம். பன்னிரண்டாவது வாரம் மட்கார்டுக்கு முதல் தடவையாக வாக்ஸ் போட்டேன், மங்கவில்லை.

அன்றைக்கு ஐயா கொப்பியைக் காட்டினார். புதுப் பக்கம். கடைசிப் பதிவில் திகதி, காலநிலை நிரலில் "மூட்டம்", சாமான் நிரலில் ஒரு சின்னக் கோடு.

நான் மாற்றிக்கொண்டவை

ஷட்டர் மேலே இருந்த இடைவெளிக்கு நிரந்தரமாகத் தகரம் அடித்தாயிற்று. வெப்பமும் ஈரப்பதனும் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று சுவரில் தொங்குகிறது. சீலன்ட்டுக்கு மேல் வாக்ஸ் என்றால் இப்போது 24 மணி நேரம், மார்கழி தையில் அதற்கும் மேல். காலை பத்துக்கு முன் எந்த வண்டியிலும் வாக்ஸ் டின்னைத் திறப்பதில்லை. அவசரம் என்று வருகிறவர்களிடம் வண்டியை வாங்கும்போதே மூன்று இரவு என்று சொல்லிவிடுகிறேன். இதனால் இரண்டு பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

கூரையைப் பற்றி அன்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், வாயால் மட்டும் சொன்னேன். இப்போது மீட்டர் அளவுகளை ஒரு தாளில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுக்கிறேன், அடுத்து யார் மெஷின் வைத்தாலும் பார்த்துவிட்டு வைக்கட்டும். ஐயாவின் தாளில் கூரைக்கு நேரே, இனிப் பாலிஷ் வேண்டாம், மங்கினால் பெயிண்ட்தான் என்று எழுதினேன். அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.